மரக்கறி லொறிக்காரரின் குடல்

என் கணவர் மரக்கறி லொறி ஓட்டுபவர். ராகலையில் வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக்ஸும், கரட்டும், கோவா என்கிற முட்டைக்கோஸும் ஏற்றி, தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து இதே வேலைதான். இத்தனை வருடத்தில் அவர் மனமுவந்து தின்ற லீக்ஸ் ஒரு கட்டுக்கு மேல் இருக்காது. எரிச்சலில் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் லீக்ஸை மெல்லிசாக வெட்டி, தேங்காய்ப்பூ போட்டு வதக்கி வைத்தேன். தட்டைப் பார்த்தார்.

"நாள் பூரா இந்த வாடையோடதான் வர்றேன். வீட்லயும் இதுவா?"

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை.

அவர் மோசமான மனிதர் இல்லை. ஊரில் யாருக்காவது அவசரம் என்றால் முதலில் வந்து நிற்பது அவருடைய லொறிதான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவரோடு குடும்பம் நடத்துவது சுவரோடு பேசுவது மாதிரி. காலையில் வழியில் இருக்கிற கடையில் பரோட்டாவும் மாட்டிறைச்சிக் குழம்பும். மத்தியானம் இன்னொரு கடையில் வெள்ளைச் சோறு, திரும்பவும் இறைச்சி. பக்கத்தில் வைத்த கீரைச் சுண்டலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவார். சுமை இல்லாத நாட்களில் டிரைவர்மார் நாலு பேர் கூடினால் சாராயம், அதற்குத் தொட்டுக்கொள்ளப் பைட் என்று மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த சொசேஜ். வீட்டுக்கு வந்தால் கோதுமை மா ரொட்டி, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல், கருவாடு. நான் வைக்கிற போஞ்சிக்காயும் பீட்ரூட்டும் எனக்கும் மகளுக்கும் மட்டும்தான். மகள் வேலைக்குக் கொழும்புக்குப் போன பிறகு எனக்கு மட்டும்.

இதில் பெரிய கொடுமை, நான் பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பிக்கிறவள். தேயிலை மலைக்குக் கீழே இருக்கிற எங்கள் பள்ளியில் வருடா வருடம் பத்தாம் வகுப்புக்கு உணவும் நோயும் என்று பாடம் எடுக்க வேண்டும். கரும்பலகையில் பெருங்குடலை வரைவேன். தலைகீழாகக் கவிழ்த்த 'ப' எழுத்து மாதிரி வரும். நார்ச்சத்து அந்த வழியாகப் போகும்போது என்ன செய்யும், தவிடு நீக்காத அரிசி ஏன் நல்லது, சொசேஜ் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் தின்றால் ஏன் ஆபத்து என்று சொல்லுவேன். 'மலம்' என்ற வார்த்தை வந்ததும் வகுப்பே சிரிக்கும். சிரித்து முடியும்வரை நின்றுவிட்டுத் தொடர்வேன். வீட்டுக்கு வந்தால் அதே பாடத்தை இன்னொருவருக்கு எடுக்க வேண்டும். அவர் சிரிக்கவும் மாட்டார். "சரி டீச்சர்" என்பார். கோபம் வந்தால் என் பெயர் டீச்சர்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம், எங்கள் வீட்டுப் படியில் அவர் நடுவழியில் நின்றதைக் கண்டேன். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறிவர நாற்பது படி இருக்கிறது. ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே ஏறுகிற ஆள், வெறுங்கையோடு பாதியில் நின்று மூச்சு வாங்கினார். முகம் பேக்கரிப் பாணின் உள்பக்கம் மாதிரி வெளுத்திருந்தது. பெல்ட்டைப் பார்த்தால், ஆணியால் குத்திய புதிய ஓட்டை இரண்டு.

"என்னாங்க, இளைச்சிட்டீங்களா?"

"நீதானே தொப்பையக் கொறைங்கன்னு சொன்ன?"

உண்மையில், கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்த வாரமே லொறியின் இன்சூரன்ஸ் கடதாசியைத் தேடி சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். கடதாசிக்குப் பதிலாக நாட்டுமருந்துக் கடைச் சூரணப் பொட்டலங்கள் வந்தன. ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றிலும் பேனாவால் 'மூலம்' என்று எழுதியிருந்தது. ரோட்டோரக் கடையின் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் அதை நீட்டினேன்.

"இது என்னாங்க?"

"சூடு. லொறியில ஒக்காந்தே இருக்கோம்ல, எல்லா டிரைவருக்கும் வர்றதுதான்."

"ரத்தம் போகுதா?"

அவர் குனிந்து துணியைப் பிழிந்தார்.

"எத்தன மாசமா?"

"பொங்கல் மட்டுல இருந்து."

தையிலிருந்து ஆடி வரைக்கும் விரல் விட்டு எண்ணினேன். ஆறு மாதம். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், சுகாதாரம் படிப்பிக்கிற நான்.

"ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "சொன்னா நீ லீக்ஸ் திங்கச் சொல்லுவ."

நான் கத்திய கத்தில் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். என்ன கத்தினேன் என்பது ஞாபகம் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரி உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. நான் வருடக்கணக்காக ஊட்டிய புத்திமதிதான் அவருடைய வாயைக் கட்டிப்போட்டிருந்தது. வருத்தத்தைச் சொன்னாலும் பாடம் வரும், வலியைச் சொன்னாலும் பாடம் வரும் என்று பயந்து, மனிதன் பொட்டலம் வாங்கி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான்.

நுவரெலியாவுக்குக் கூட்டிப் போக இரண்டு வாரம் ஆனது. முதல் வாரம் சுமை இருக்கிறது என்றார். அடுத்த வாரம் மழை என்றார். ராகலையில் மழை இல்லாத வாரம் எது? கடைசியில் நான் லீவு போட்டுவிட்டு லொறியின் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்கு விட்டால்தான் இறங்குவேன் என்றேன். அங்கே மலம் பரிசோதிக்கச் சின்ன டப்பா கொடுத்தார்கள். அடுத்த நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் முடியவே முடியாது என்றுவிட்டார். தெரிந்த ஆள் யாராவது பார்த்துவிட்டால்? அதை நான்தான் சாப்பாட்டுப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். வழியில் ஏறிய பழைய மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "மிஸ், பைய தாங்க, நா வச்சிக்கிறேன்" என்று மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். நான் ஆஸ்பத்திரி வரும்வரை அவளோடு பருவமழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்திய நாள் குடலைக் கழுவ மருந்து கலந்த தண்ணீர் போத்தல் போத்தலாகக் குடிக்க வேண்டும். ஒவ்வொரு கிளாஸுக்கும் என்னைத் திட்டினார். கமராவில் கட்டி தெரிந்தது. சின்னத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். அது புற்றுநோய்தான் என்று ரிப்போட் வந்தது.

அதைச் சொன்ன டொக்டர் இளம் பெண். சிங்களப் பிள்ளை, தமிழ் ஓரளவு நன்றாகப் பேசினார். முதலில் என் கணவருடைய கையைப் பிடித்து, "பய வென்ன எப்பா" என்று சிங்களத்தில் பயப்பட வேண்டாம் என்றார். பிறகு எங்களுக்காகத் தமிழில் நிதானமாகச் சொன்னார். கட்டி குடலைத் தாண்டிப் போன மாதிரித் தெரியவில்லை, கண்டிக்கு அனுப்புகிறோம், வெட்டி எடுக்கலாம், பிந்தாமல் செய்ய வேண்டும். என் கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"டொக்டர், இவரு சாப்பிட்ட சாப்பாட்டாலதானே இது வந்துச்சு? பரோட்டா, சொசேஜ், மாட்டிறைச்சி. மரக்கறி தொடவே மாட்டாரு. குடியும் இருக்கு. நா எத்தனை வருஷமா சொல்றேன்!"

டொக்டர் என்னைப் பார்த்தார். "டீச்சர், அப்படிச் சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அந்தச் சாப்பாடு எல்லாம் வர்ற வாய்ப்பைக் கூட்டும். சொசேஜ் மாதிரி சாமான், கூட இறைச்சி, சாராயம், நார்ச்சத்து இல்லாம சாப்பிடுறது, எல்லாம் கூட்டும். அது உண்மை. ஆனா அப்படியே சாப்பிட்டு எண்பது வயசு வரைக்கும் ஒன்னும் வராம இருக்கிறவங்க இருக்காங்க. கீரை மட்டும் சாப்பிட்டு வந்தவங்களும் இருக்காங்க. வயசு இருக்கு, குடும்பத்துல இருக்கா என்கிறது இருக்கு, எங்களுக்கே தெரியாத காரணமும் இருக்கு. இவருக்கு எதால வந்துச்சுன்னு நான் விரல் நீட்டிச் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப டீச்சருக்குக் காரணம் வேணுமா, இல்லாட்டி அடுத்தது என்ன செய்யிறதுன்னு தெரியணுமா?"

எனக்குக் காரணம்தான் வேண்டும். காரணம் கையில் இருந்தால் யாரையாவது பிடித்து உலுக்கலாம். ஆனால் வாயால், "அடுத்தது என்னான்னு சொல்லுங்க டொக்டர்" என்றேன்.

வெளியே வந்து மருந்துக்கு வரிசையில் நின்றபோது அவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "டொக்டரம்மா சொன்னதக் கேட்டியா? என்னால இல்லையாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"விரல் நீட்ட மாட்டேன்னாங்கள்ல. நீதான் நீட்டிக்கிட்டே இருக்க. நீ மட்டும் என்னா? இடைவேளைக்கு கன்டீன்ல என்னா திங்கிற? ரோல்ஸும் டீயும். எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். காலை ஆறரைக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் எனக்கு எங்கே கரட் சுண்டல்? பிள்ளைகளுக்கு நார்ச்சத்தைப் படிப்பித்துவிட்டு, மணி அடித்ததும் மைதா மா ரோல்ஸைத் தின்பேன். நல்ல வேளை, வரிசை நகர்ந்தது.

கண்டியில் வெட்டி எடுத்தார்கள். குடலை மறுபடி சேர்த்து வைத்த இடம் ஆறட்டும் என்று, அதற்கு மேலே வயிற்றில் ஒரு வாய் திறந்து பை கட்டிவிட்டார்கள். சில மாதத்தில் மூடிவிடலாம் என்றார்கள். அந்தப் பையை மாற்றக் கற்றுக்கொண்டது நான். முதல் தடவை மெதுவாகப் பழைய பையைக் கழற்றினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிக்க" என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் ஆயிரம் இருக்க, இதற்கா?

வீட்டுக்கு அனுப்பும்போது என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று தாதி எழுதிக் கொடுத்தார். நான் வாசித்தேன். மறுபடி வாசித்தேன். குடல் புண் ஆறும்வரை ஆறு வாரத்துக்கு நார் கூடாது. கீரை கூடாது, லீக்ஸ் கூடாது, கோவா கூடாது, கடலை கூடாது, பச்சையாக எதுவுமே கூடாது. நார் உள்ளது பை போட்ட வாயை அடைத்துவிடுமாம். வெள்ளைச் சோறு, வெள்ளைப் பாண், தோல் சீவி அவித்த உருளைக்கிழங்கு, முட்டை.

"குடு பாப்போம்" என்று அவர் கையை நீட்டினார். அவருக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும். அன்றைக்கு ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். எட்டு நாளாகச் சிரிக்காத முகம் காது வரைக்கும் விரிந்தது.

"பாத்தியா டீச்சர். ஆஸ்பத்திரியே பாண் திங்கச் சொல்லுது."

"ஆறு வாரத்துக்குங்க! புண் ஆறுறதுக்கு!"

"நல்லா வாசிச்சுப் பாரு. லீக்ஸ் கூடாதுன்னு எழுத்துல இருக்கு."

அந்தக் கடதாசியை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். நான் இருபது வருடம் பாடிய பாட்டை ஒரு தாதி ஒரு பக்கத்தில் கவிழ்த்துவிட்டதாகவே ஊர் நம்பியது.

பார்க்க வந்தவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கிரீம் பிஸ்கட் பெட்டியும் ஒரு வைத்தியமும் கொண்டு வந்தார்கள். கட்டு அனோதா என்கிற முள்ளுச்சீத்தா இலையை அவித்துக் குடித்தால் கட்டி கரையும் என்று ஒருவர் ஒரு சாக்கு இலையே கொண்டுவந்து இறக்கினார். சீனியை நிறுத்தினால் போதும் என்றார் இன்னொருவர், சீனி போட்ட டீயைக் குடித்துக்கொண்டே. எல்லோரையும் சமாளித்தேன். சமாளிக்க முடியாமல் போனது என் நாத்தனாரை.

அவருடைய ஒரே தங்கச்சி. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தோட்டத்து லயத்தில் குடியிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். பிள்ளை இல்லாமல் இருந்த காலத்தில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மச்சம் மாமிசத்தை விட்டவள். பிள்ளை பிறந்து அது கல்யாணம் முடித்த பிறகும் தொடவில்லை. அண்ணனைப் பார்க்க வந்து இரண்டு வாரம் தங்கினாள். வந்த மூன்றாம் நாள், அடுப்படியில் என் பக்கத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"அண்ணி, சொன்னா கோவிச்சுக்காதீங்க."

கோவிக்க வேண்டியதுதான் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. "சொல்லு."

"நீங்க பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னு ஓடுறீங்க. ஒழுங்கா ஆக்கிக் கட்டிக் குடுத்திருந்தா அண்ணன் ஏன் கடையில திங்கப் போறாரு? கடைச் சாப்பாட்டாலதான் இப்பிடி வந்துருச்சுன்னு எங்க தோட்டத்துல எல்லாரும் சொல்றாங்க."

கையில் இருந்த அகப்பையை நான் கீழே வைத்தேன். நான் அவரைக் குற்றம் சொல்லி முடியவில்லை, அதற்குள் அவள் என்னைக் குற்றம் சொல்லி முடித்துவிட்டாள். முன் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது முழுக்கக் கேட்டது. 'கட்டிக் குடுத்தா நாய்க்குப் போட்டுட்டு கடைக்குத்தான் போனேன்' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"ஒங்க அண்ணனுக்கு எதால வந்துச்சுன்னு டொக்டருக்கே தெரியாது" என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான், அந்த வார்த்தைகள் இப்போது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கின்றன என்பது உறைத்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர், கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். நாத்தனார் சிரித்தாள்.

"எனக்கா? நா சுத்த சைவம் அண்ணி."

அவளுடைய சைவத்தை இரண்டு வாரமாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல். மத்தியானம் ரொட்டி. ராத்திரிக்குச் சோறும் பருப்பும். இடையில் சீனி போட்ட, பால் இல்லாத சாயத் தண்ணி ஏழெட்டுத் தடவை. தோட்டத்தில் இருக்கும்போது இதைவிடக் குறைவு. அவள் மரக்கறி தின்பது வெள்ளிக்கிழமையும் திருவிழாவும். சைவம் என்றால் இறைச்சி தின்னாமல் இருப்பது. மரக்கறி தின்பது இல்லை. இதை அவளுக்கு விளக்கப் போனால், "காலையில ஆறு மணிக்கு மலைக்கு ஏறுறவ எப்ப அண்ணி போஞ்சி நறுக்குறது?" என்று கேட்டாள். மலையில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரையும் குறைத்துத்தான் குடிப்பார்களாம். "தண்ணி குடிச்சா எங்க போறது? கங்காணி பாத்துக்கிட்டு நிப்பாரு." இதற்கு என் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் விடை இல்லை.

அவள் திரும்பிப் போன பிறகு வாரா வாரம் போன் எடுத்தேன். கொழுந்து கூடுகிற காலம், வர முடியாது என்றாள். மழை என்றாள். கோயில் கொடியேற்றம் என்றாள். அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சில் வார்த்த சாமான். ஒருநாள் பேச்சு வாக்கில், "எனக்கும் எப்பவாச்சும் கொஞ்சம் ரத்தம் போகும் அண்ணி, அது சூடு" என்றாள். நான் உடனே போனை அவரிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன்.

அவர் அதிகம் பேசவில்லை. "இந்தா பாரு, நானும் அதத்தான் சொன்னேன், சூடுன்னு. நீ போகல்லன்னா நா இந்தப் பையோட வந்து ஒன் லயத்து வாசல்ல ஒக்காந்துக்குவேன். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தெறந்து காட்டுவேன்." அவ்வளவுதான். அடுத்த வாரம் அவள் துணிமணியைக் கட்டிக்கொண்டு நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கினாள்.

கமரா பார்ப்பதற்கு முந்திய நாள் அந்த மருந்துத் தண்ணீரை எங்கள் வீட்டில்தான் குடித்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, "குடி, குடி, எனக்கு மட்டுமா?" என்று கிளாஸ் கிளாஸாக ஊற்றிக் கொடுத்தார். அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் மாதக்கணக்காகப் பார்க்கவில்லை.

அவளுடைய குடலில் சின்னச் சின்னதாக இரண்டு சதை வளர்ந்திருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் வருடங்கள் போகப் போக அப்படி மாறியிருக்கலாம். கமராவோடு கமராவாக இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அதே டொக்டர்தான், "நல்ல நேரம் வந்தாங்க" என்றார். நான் அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். நாத்தனார் அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"நா கறி தொட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சு டொக்டர். அண்ணன் தின்னாரு, அவருக்கு வந்துச்சு. நா என்னா தின்னேன்?"

டொக்டர் அவளுக்கும் நிதானமாகச் சொன்னார். அவள் கேட்கவில்லை. அவ்வளவு காலம் வாயைக் கட்டியதற்கு அம்மன் கணக்கு வைக்கவில்லையே என்ற கோபம் அவளுக்கு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தோளைத் தொட்டிருக்க வேண்டும். "நா சொன்னேன்ல, வா வான்னு" என்றேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அந்த நேரம் பார்த்து வாயிலிருந்து விழுந்துவிட்டது. பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. கந்தப்பளை தாண்டிய பிறகு பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து, ஒன்றை என் மடியில் வைத்தாள். அவ்வளவுதான் சமாதானம்.

அவருக்குப் புற்றுநோய் மருந்தை ஊசி வழியாக ஏற்றுவதும் முடிந்து, வயிற்றில் திறந்த வாயையும் மூடினார்கள். இப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. குறித்த தவணைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். இதுவரைக்கும் சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு ரிப்போட்டுக்கு முந்திய வாரமும் இருவரும் காரணமில்லாமல் சண்டை பிடிப்போம். தூரப் பயணத்தை விட்டுவிட்டு, தோட்டங்களிலிருந்து நுவரெலியாவுக்கு மட்டும் சின்ன லொறியில் சாமான் ஏற்றுகிறார். அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். சிவப்பரிசிச் சோறு தின்கிறார், முனகிக்கொண்டு. கேழ்வரகு மாவில் சுட்ட குரக்கன் ரொட்டியைப் பார்த்து, "லொறி டயர்ல வெட்டினதா?" என்று கேட்கிறார். சாராயத்தை விட்டுவிட்டார். சொசேஜையும் விட்டுவிட்டதாகத்தான் சொல்கிறார். சட்டையில் சில நாள் அந்த எண்ணெய் வாசம் வருகிறது. போஞ்சியை இப்போது தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவதில்லை. முதலில் அதைத் தின்று முடித்துவிட்டு, கஷாயம் குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தொடங்குகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு பாடு என்பது அவருக்குத் தெரியாது.

போன பள்ளித் தவணையில் பத்தாம் வகுப்பில் அதே பாடம் வந்தது. குடலை வரைந்து முடித்தபோது முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், ஒங்க வீட்டு சாருக்கு சாப்பாட்டாலதானா வந்துச்சு?" என்று கேட்டாள். முன்பு என்றால் ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அந்தப் பாடவேளை முழுக்க அந்தக் கேள்விக்கே போய்விட்டது. சாப்பாடு வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். ஆனால் வந்தவரைப் பார்த்து நீ தின்றதால் வந்தது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றேன். ரத்தம் கண்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் முதலில் திட்டக்கூடாது, கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பரீட்சைக்கு இது வராது என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் நாத்தனார் போன் எடுத்தாள்.

"அண்ணி, வர்ற செவ்வாய்க்கிழமை லீவு போடுங்க."

"ஏன்? என்னா ஆச்சு?"

"எனக்கு ஒன்னுமில்ல. கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மூணு பேரு கிளினிக்குக்கு வர்றாங்க, ரத்தம் போகுதாம். அந்த டொக்டரம்மா இல்லன்னா வேற ஆளுக்கு சிங்களத்துல சொல்லணும், நீங்கதான் வரணும். நா எல்லாம் வெளக்கி வச்சிருக்கேன். ஒரு கெழமையா சோத்த நிறுத்திட்டு வெறும் கீரையும் லீக்ஸும்தான் திங்கிறாங்க, குடல் சுத்தமாகும்னு."

"யாரு சொன்னா அப்பிடி?"

"நீங்கதானே அண்ணி காலமெல்லாம் சொல்றீங்க!"

நான் போனிலேயே கத்தினேன். கமரா பார்க்கச் சொன்னால் முந்திய நாட்களில் கீரையே ஆகாது, நார் குடலை மறைத்துவிடும், உடனே அவர்களை ஒழுங்காகச் சோறு தின்னச் சொல்லு என்றேன். அவள் அந்தப் பக்கம் யாரிடமோ, "அண்ணி சோறு திங்கச் சொல்றாங்க" என்று சொன்னது கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

லீவு போட்டேன். பள்ளி அதிபர் முகம் சுளித்தார். செவ்வாய்க்கிழமை காலை மூன்று பெண்களும் கோயிலுக்குப் போகிற மாதிரிச் சேலை கட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கினார்கள். டொக்டர் வேறு ஆள்தான். மறுபடி மறுபடி அதே வெட்கமான விஷயத்தை மூன்று பேருக்காகவும் நான் சிங்களத்தில் சொன்னேன். இரண்டு பேருக்கு வெறும் மூலம், மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது பெண்ணைக் கமராவுக்கு எழுதினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள். எந்த நாள் என்று சீட்டை வாங்கிப் பார்த்தேன். வியாழக்கிழமை. எனக்கு அன்றைக்கு ஐந்து பாடவேளை இருந்தது. வருகிறேன் என்றேன்.